அலாரம் வந்ததும் டீச்சிங்கில் கை வைக்காதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு 300 மி.மீ. வேஃபர் ஃபேப்பில் (வட்டமான சிலிக்கன் தகடுகளில் சிப் தயாரிக்கும் ஆலை) உபகரணப் பராமரிப்பு டெக்னீஷியனாக இருக்கிறேன். மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். என் பொறுப்பில் உள்ள எட்சிங் (வேஃபரின் மேல்படலத்தை அரித்தெடுக்கும்) மெஷின்களில் ஒன்று பாடாய்ப் படுத்துகிறது. முன்பக்க ரோபோ ஃபூப்பிலிருந்து (வேஃபர்களை அடுக்கி வைக்கும் பெட்டி) வேஃபரை எடுக்கும்போது 'வேஃபர் இடம் தவறியது' என்று வாரத்துக்கு மூன்று நான்கு தடவை அலாரம் அடிக்கிறது. பெரும்பாலும் இரண்டாவது லோடு போர்ட்டில் (ஃபூப் வந்து உட்காரும் மேடை), அதுவும் நைட் ஷிஃப்ட்டில். ஒவ்வொரு முறையும் மறுபடி டீச் பண்ணி ஓட்டிவிடுகிறோம், அதாவது ரோபோ போய் நிற்க வேண்டிய இடத்தைப் புதிதாகப் பதிந்து. சில நாள் சும்மா இருக்கும், அப்புறம் திரும்ப வரும். வேஃபரின் பின்பக்கத்தில் கீறல் விழுகிறது என்று பிராசஸ் ஆட்கள் எங்கள்மேல் பழி போடுகிறார்கள். மேலாளரோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பி.எம்.மை (தடுப்புப் பராமரிப்பை) மாதாமாதம் செய், அதையே மேம்பாட்டுத் திட்டமாக எழுதிக் கொடு என்கிறார். அது சரிவருமா? பைத்தான் நிரல்மொழி படித்தால் உதவுமா? ரோபோ கையில் வேஃபரைத் தாங்கும் பேட், கிரீஸ் போன்றவற்றை வெளியில் மலிவாக வாங்கலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. வழி சொல்லுங்கள் அண்ணா.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'மறுபடி டீச் பண்ணி ஓட்டிவிடுகிறோம்' என்ற வரிதான். முதலில் அதை நிறுத்த வேண்டும்.

ரோபோ தானாக இடத்தை மறப்பது அபூர்வம். ஒவ்வொரு மோட்டாரிலும் அதன் நிலையை அளக்கும் என்கோடர் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள வேஃபர் ரோபோ ஒரே புள்ளிக்கு எத்தனை தடவை போனாலும் 0.1 மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்து நிற்கும். அப்படிப்பட்டது ஒரு நாள் 1 மி.மீ. தள்ளி எடுக்கிறது என்றால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. நீங்கள் டீச் பண்ணும்போது, நகர்ந்துபோன பொருளை விட்டுவிட்டு அதற்கு ஏற்ப ரோபோவை நகர்த்துகிறீர்கள். அந்தப் பொருள் இன்னும் நகரும், நீங்களும் துரத்திக்கொண்டே போவீர்கள். இதைவிட மோசமான விஷயம், எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற தடயம் பழைய எண்ணோடு சேர்ந்து அழிந்துவிடுகிறது.

அதனால் அடுத்த அலாரம் வந்ததும் பழைய டீச்சிங் எண்களை அப்படியே எழுதி வையுங்கள். இரண்டாவது லோடு போர்ட்டுக்கு மட்டும் போதாது. மூன்று போர்ட், அலைனர் (வேஃபரைச் சுழற்றி நேராக்கும் இடம்), லோடுலாக் (வேக்யூம் பக்கத்துக்குள் நுழையும் இடைவழி அறை) என்று எல்லா ஸ்டேஷனுக்கும் கோணம், நீட்டம், உயரம் மூன்றும் வேண்டும். கூடவே எந்த ஃபூப், எந்த ஸ்லாட், எந்த நேரம், வேஃபர் உள்ளே போகும்போதா திரும்பி வரும்போதா என்பதும். உற்பத்தி நெருக்கடியில் டீச் பண்ணியே ஆகவேண்டும் என்றால் பண்ணுங்கள், ஆனால் புதிய எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே குறியுங்கள். ஒரு எக்செல் தாள் போதும். நைட் ஷிஃப்ட் ஆட்களும் அதே தாளில் எழுத வேண்டும். இதில்தான் சண்டை வரும், மேலாளரை வைத்துப் பேசி முடித்துவிடுங்கள்.

இனி அந்த வித்தியாசத்தைப் படிக்கும் விதம். எல்லா ஸ்டேஷனும் ஒரே கோணம் ஒரே பக்கம் விலகியிருந்தால் கோளாறு ரோபோவில் இருக்கிறது: கைக்குள் இருக்கும் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம், யாராவது கையில் இடித்திருக்கலாம், ஹோம் நிலை, அதாவது ரோபோவின் தொடக்கப் புள்ளி, மாறியிருக்கலாம். கை 700 மி.மீ. நீண்டிருக்கும்போது 0.05 டிகிரி பிசகினாலே நுனியில் 0.6 மி.மீ. தள்ளிப்போகும். என்கோடர் பேட்டரியை சமீபத்தில் யாராவது மாற்றினார்களா என்றும் கேளுங்கள். கன்ட்ரோலரை அணைத்துவிட்டு அந்தச் சின்ன லித்தியம் பேட்டரியைக் கழற்றியதால் ஹோம் நிலை மொத்தமும் பறிபோன மெஷின்கள் ஏராளம். பெரும்பாலான மாடல்களில் கன்ட்ரோலருக்கு மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

உங்கள் கதை அப்படி இல்லை. ஒரே ஒரு லோடு போர்ட்தான் படுத்துகிறது. அதே ரோபோ மற்ற இரண்டு போர்ட்டிலும் ஒழுங்காக எடுக்கிறதென்றால் ரோபோவை விட்டுவிட்டு லோடு போர்ட்டைப் பாருங்கள். இது ஏன் பலருக்குத் தோன்றுவதில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அலாரம் ரோபோவின் பெயரில் வருகிறது, அதனால் ரோபோவையே நோண்டுகிறோம் போலிருக்கிறது.

லோடு போர்ட்டில் பார்க்க வேண்டியவை மூன்று. ஃபூப்பின் அடியில் மூன்று வி வடிவப் பள்ளங்கள் உண்டு, மேடையில் மூன்று முளைகள் உண்டு. பள்ளம் முளைமேல் உட்கார்ந்ததும் ஃபூப் தானாகவே சரியான இடத்துக்கு வந்துவிட வேண்டும், அதுதான் அந்த அமைப்பின் நோக்கம். முளை தேய்ந்தாலோ ஆடினாலோ ஒவ்வொரு தடவையும் ஃபூப் கொஞ்சம் வேறு மாதிரி உட்காரும். விரலால் அசைத்துப் பாருங்கள், பக்கத்து போர்ட்டின் முளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து, மேலே ரயிலில் ஓடும் ஓஎச்டி வண்டி ஃபூப்பை இறக்குவதைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். 25 வேஃபர் நிறைந்த ஃபூப் எட்டு ஒன்பது கிலோ இருக்கும். வண்டி இறக்கும் இடம் சில மி.மீ. தள்ளியிருந்தால் ஃபூப் முளையில் மோதிச் சறுக்கிக்கொண்டுதான் உட்காரும். முளைத் தேய்மானத்துக்குப் பல நேரம் அதுதான் காரணம். ஓஎச்டியைப் பார்ப்பது வேறு குழு என்பதால் இரண்டு குழுவும் இதைத் தொடாமல் விட்டுவிடுவது வழக்கம்.

மூன்றாவது, நான் அதிகம் சந்தேகப்படுவது, சாய்வு. லோடு போர்ட்டை மெஷினோடு இணைக்கும் போல்ட்டுகள், உயரத்தைச் சரிசெய்யும் திருகுகள், இவற்றில் ஏதோ ஒன்று மெல்ல இளகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபூப்பில் ஸ்லாட்டுக்கு ஸ்லாட் 10 மி.மீ. இடைவெளி. ஒன்றாம் ஸ்லாட்டிலிருந்து இருபத்தைந்தாம் ஸ்லாட்டுக்கு 240 மி.மீ. உயரம். போர்ட் வெறும் 0.2 டிகிரி சாய்ந்தாலே மேல் ஸ்லாட் கீழ் ஸ்லாட்டைவிட 0.8 மி.மீ. தள்ளி நிற்கும். நீங்கள் கீழ் ஸ்லாட்டில் வைத்து டீச் பண்ணினால் கீழே சரியாகும், மேலே கெடும். அடுத்தவர் வந்து மேல் ஸ்லாட்டில் அலாரம் என்று அங்கே வைத்து டீச் பண்ணுவார், இப்போது கீழே கெடும். இப்படி மாறி மாறி நடந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? 'டீச் பண்ணினோம், சில நாள் சும்மா இருந்தது, திரும்ப வந்தது.' நீங்கள் எழுதிய அதே வரி.

சாய்வைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, ஒன்று, பதின்மூன்று, இருபத்தைந்து ஆகிய மூன்று ஸ்லாட்டிலும் தனித்தனியாக மையத்தை அளந்து பார்ப்பது. மூன்றும் ஒரே நேர்கோட்டில் சரிந்தால் சாய்வுதான். வேஃபர் வடிவிலேயே கம்பியில்லா மட்டக் கருவிகள் வருகின்றன. வேஃபர்சென்ஸ் அந்த வகை. அதை ரோபோ பிளேடின்மேல் (வேஃபரைத் தாங்கும் கைநுனித் தகடு) ஒருமுறை, ஸ்லாட்டில் ஒருமுறை வைத்து இரண்டு மட்டத்தையும் ஒப்பிடலாம். பெரிய ஃபேப்களில் இது எங்காவது ஒரு அலமாரியில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நல்ல டிஜிட்டல் மட்டம் ஒன்று போதும். பூமிக்கு எத்தனை டிகிரி என்பது முக்கியமில்லை. பிளேடும் ஸ்லாட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது கீறலுக்கு வருகிறேன். அதே 0.2 டிகிரி சாய்வை வேஃபரின் 300 மி.மீ. அகலத்தில் கணக்குப் போட்டால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 1 மி.மீ. உயர வித்தியாசம். பிளேடு வேஃபருக்கு இணையாக ஏறாமல் ஒரு ஓரம் முதலில் தொடும், வேஃபர் கொஞ்சம் நழுவும், அப்புறம்தான் வேக்யூம் பிடிக்கும். அந்த நழுவலில் விழும் கோடுதான் பிராசஸ் ஆட்கள் காட்டும் கீறலாக இருக்கலாம். அப்படியானால் அவர்கள் புகாரும் உங்கள் அலாரமும் ஒரே கோளாறுதான். அவர்களோடு மல்லுக்கட்டாமல் கீறலின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கை நீளும் திசையில் நேர்கோடாக இருந்தால் எடுக்கும்போதோ வைக்கும்போதோ இழுபட்டது. வில்போல வளைந்திருந்தால் ஏதோ சுழலும்போது நழுவியது, அலைனரின் சுழல்மேடையைப் பாருங்கள். மூன்று புள்ளியாக இருந்தால் சேம்பரில், அதாவது எட்சிங் நடக்கும் அறையில், வேஃபரைத் தூக்கும் லிஃப்ட் பின். ஓரத்தில் மட்டும் என்றால் ஃபூப் ஸ்லாட்.

இன்னொரு சோதனை. வேஃபரின் ஓரத்தில் இருக்கும் நாட்ச் என்ற சின்ன வெட்டை வைத்துக் கீறலின் கோணத்தைக் குறியுங்கள். அலைனர் ஒவ்வொரு வேஃபரின் நாட்ச்சையும் ஒரே பக்கம் திருப்பிவிடும். எனவே கீறல் எப்போதும் நாட்ச்சிலிருந்து ஒரே கோணத்தில் இருந்தால் அது அலைனருக்குப் பிறகு நடந்தது. கோணம் வேஃபருக்கு வேஃபர் மாறினால் அலைனருக்கு முன்னால், அதாவது ஃபூப்பிலிருந்து எடுக்கும்போது. ஒரு எச்சரிக்கை: முந்தைய மெஷின் ஏற்கெனவே நாட்ச்சை ஒழுங்காகத் திருப்பி வைத்திருக்கும், அப்போது இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அதனால் சோதனை வேஃபர்களை சார்ட்டரில் (வேஃபர்களைப் பிரித்து அடுக்கும் மெஷின்) போட்டு, வேண்டுமென்றே ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கோணத்தில் திருப்பி வைத்து ஓட்டுங்கள். ஒரு ஃபூப் போதும், பதில் கிடைத்துவிடும்.

அலைனர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மெஷினில் இலவசமாகக் கிடக்கும் புதையல் அதன் லாக், அதாவது பதிவுக் கோப்புதான். ஃபூப்பிலிருந்து எடுத்த ஒவ்வொரு வேஃபரையும் அலைனர் ஒரு சுற்றுச் சுற்றி, மையம் எவ்வளவு, எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று அளக்கிறது. அளந்து, அதைச் சரிக்கட்டித்தான் ரோபோவுக்குக் கொடுக்கிறது. பல மெஷின்களில் அந்த எண் லாக்கில் பதிவாகிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. அலாரம் வருவது அந்த விலகல் எல்லையைத் தாண்டும்போதுதான். அதற்கு முன் வாரக்கணக்கில் அது மெல்ல மெல்ல ஊர்ந்து போயிருக்கும்.

அந்த விலகலை லோடு போர்ட் வாரியாகப் பிரித்து, நாள் வரிசையில் புள்ளியாக வையுங்கள். ஸ்லாட்டுக்குள் வேஃபர் கொஞ்சம் அசைய இடமிருக்கிறது, அதனால் புள்ளிகள் சிதறித்தான் இருக்கும், அது இயல்பு. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. சராசரி ஒரு பக்கமாக நகர்ந்தால் ஏதோ ஒன்று இடம் மாறி நிலையாக நிற்கிறது. சராசரி அங்கேயே இருந்து சிதறல் மட்டும் அகன்றால் ஏதோ ஒன்று ஆடுகிறது. சிதறல் அகன்ற ஒன்றை டீச்சிங் ஒருநாளும் சரிசெய்யாது. அடுத்து அதே புள்ளிகளை ஸ்லாட் எண் வாரியாக அடுக்குங்கள், சாய்வு இருந்தால் அங்கேயே கண்ணுக்குத் தெரியும். ஃபூப் எண் வாரியாக அடுக்கினால் கோணலான ஃபூப்கள் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றை ஓட்டத்திலிருந்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

நைட் ஷிஃப்ட் விஷயத்தில் அவசரப்பட்டு யாரையும் சந்தேகிக்காதீர்கள். இரவில் அந்த போர்ட்டுக்கு எத்தனை வேஃபர் வந்தது என்று பார்த்து, அலாரத்தை அந்த எண்ணிக்கையால் வகுங்கள். வேலை அதிகமாக நடக்கும் நேரத்தில் அலாரமும் அதிகமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. வகுத்த பிறகும் வித்தியாசம் இருந்தால், பகலில் ஒரு ஸ்லாட்டிலும் இரவில் வேறு ஸ்லாட்டிலும் வைத்து டீச் பண்ணுகிறீர்களா என்று பாருங்கள்.

வேக்யூம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 300 மி.மீ. வேஃபர் 775 மைக்ரான் தடிமன், கிட்டத்தட்ட 128 கிராம் எடை. பிளேடில் உறிஞ்சும் பரப்பு 3 சதுர செ.மீ., வேக்யூம் 60 கிலோபாஸ்கல் என்று வைத்தால் ஏறக்குறைய 1.8 கிலோ எடைக்குச் சமமான பிடி கிடைக்கும். வேஃபரின் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஆகவே பேட் பாதி கெட்டிருந்தாலும் வேஃபர் விழாது, ரோபோ ஓடிக்கொண்டே இருக்கும். கோளாறு வெளியே தெரிவது கடைசி நேரத்தில்தான். முன்கூட்டியே தெரிய ஒரு வழி உண்டு: வால்வு திறந்ததிலிருந்து வேக்யூம் ஸ்விட்ச் 'பிடித்துவிட்டேன்' என்று சொல்லும்வரை ஆகும் நேரம். மெஷின் நல்ல நிலையில் இருக்கும்போது அதை மில்லிசெகண்டில் அளந்து வையுங்கள். பேட் தேய்ந்தால், குழாய் கைமூட்டில் வெடித்தால், ஃபில்டர் அடைத்தால் அந்த நேரம் நீளும். எல்லா போர்ட்டிலும் நீண்டால் ரோபோ பக்கம் அல்லது ஃபேப்பின் பொது வேக்யூம் லைன். ஒரு போர்ட்டில் மட்டும் நீண்டால் அங்கே பிளேடும் வேஃபரும் இணையாக இல்லை, திரும்பவும் அதே சாய்வு. குறிப்பிட்ட சில லாட்டுகளில் (ஒன்றாக ஓடும் வேஃபர் தொகுதிகளில்) மட்டும் நீண்டால் வேஃபரே வளைந்திருக்கிறது. தடித்த படலங்கள் படிந்த வேஃபர்கள் அப்படி வளைவது சகஜம், அதற்கு ரோபோவைத் திட்டிப் பயனில்லை.

வேக்யூம் அலாரம் வருகிறது என்று ஸ்விட்ச்சின் செட் பாயிண்டைக் குறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். எடைக்கல்லைச் செதுக்கிக் கணக்கைச் சரிக்கட்டுவது போன்ற வேலை அது. உங்கள் மெஷினில் யாராவது செய்திருக்கிறார்களா என்று பக்கத்து மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்னால் வேக்யூம் சேம்பர் பக்கம் இருக்கும் ரோபோ வேறு ஜாதி. அங்கே உறிஞ்சிப் பிடிக்க முடியாது, வேஃபர் வெறும் உராய்வில்தான் பேட்மேல் உட்கார்ந்திருக்கிறது. உராய்வுக் கெழு 0.3 என்றால் ஒவ்வொரு விநாடியும் வேகத்தை விநாடிக்கு 3 மீட்டருக்கு மேல் கூட்டினால் நழுவிவிடும். சூடான வேஃபரை எடுத்து எடுத்துக் கையும் சூடாகும். 700 மி.மீ. அலுமினியக் கை 20 டிகிரி சூடானால் 0.3 மி.மீ. நீளும். அதனால் அங்கே ஓய்ந்து நின்ற மெஷினில் ஓடும் முதல் வேஃபரும் பத்தாவது வேஃபரும் ஒரே இடத்தில் உட்காராது. சேம்பரிலிருந்து திரும்பும்போது மட்டும் விலகல் என்றால் முதலில் சக்கில் (சேம்பருக்குள் வேஃபரை மின்விசையால் பிடிக்கும் மேடை) மிச்சமிருக்கும் மின்னேற்றத்தைச் சந்தேகியுங்கள். அது வேஃபரை விடாமல் பிடிக்க, லிஃப்ட் பின் தள்ள, வேஃபர் துள்ளி நகர்ந்துவிடும். உங்கள் பிரச்சினை முன்பக்கம் என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

சரி, மேலாளரின் யோசனை. மாதாமாதம் பி.எம். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அவரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள். 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலன், ஹீப் என்ற இருவர் விமானப் பாகங்களின் பழுதுகளை ஆராய்ந்து அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அறிக்கை கொடுத்தார்கள். வயதாக ஆக ஏதோ ஒரு விதத்தில் பழுது கூடும் வகை 11 சதவீதம்தான். 68 சதவீதப் பாகங்களில் புதிதாகப் பொருத்திய உடனேதான் பழுது அதிகம், பிறகு சமமாகிவிடுகிறது. விமானமும் வேஃபர் ரோபோவும் ஒன்றல்ல. பெல்ட், பேட், ஃபில்டர் போன்றவை நிச்சயமாகத் தேயும், அவற்றை மாற்றத்தான் வேண்டும். ஆனால் நன்றாக ஓடும் ஒன்றைக் கழற்றி மாட்டுவதே ஒரு ஆபத்து என்பது இரண்டுக்கும் பொது. உங்கள் மெஷினிலேயே பார்க்கலாம்: ஒவ்வொரு பி.எம்.முக்கும் அடுத்த மூன்று நாளில் எத்தனை அலாரம், அதற்கு முந்தைய மூன்று நாளில் எத்தனை என்று எண்ணுங்கள். பி.எம்.முக்குப் பிறகு அலாரம் கூடினால் மாதாமாதம் செய்வது நிலைமையை மூன்று மடங்கு மோசமாக்கும் வழி. அந்தக் கணக்கை அவர் முன்னால் வைத்தால் நீங்கள் வாதாடவே தேவையில்லை.

நாள் கணக்கில் பாகம் மாற்றுவதும் எனக்கு ஒப்பாத பழக்கம். ஒரு மெஷின் மூன்று மாதத்தில் ஒரு லட்சம் வேஃபரை எடுத்து வைத்திருக்கும், பக்கத்து மெஷின் வேலையில்லாமல் பாதி நாள் நின்றிருக்கும். பெல்ட்டுக்குத் தெரிவது எத்தனை தடவை ஓடினோம் என்பது மட்டும்தான். எத்தனை வேஃபருக்கு ஒரு பழுது என்று கணக்கிடுங்கள். மெஷின் நேரத்தைப் பிரிக்க செமி என்ற செமிகண்டக்டர் தொழில் அமைப்பின் இ10 தரவரையறை இருக்கிறது. உற்பத்தி, காத்திருப்பு, எஞ்சினியரிங், திட்டமிட்ட நிறுத்தம், திட்டமிடாத நிறுத்தம், கணக்கில் சேராத நேரம் என்று ஆறு நிலை. அதிலேயே இன்னொரு நல்ல பிரிவினை, பழுது வேறு, சின்ன உதவி வேறு என்பது. ஆபரேட்டர் வந்து ஒரு பட்டனைத் தட்டினால் ஓடிவிடுகிற குறுக்கீடு உதவிக் கணக்கில் வரும். உங்கள் அலாரங்களில் பெரும்பாலானவை அப்படி எழுதப்பட்டிருந்தால் மாதாந்திர அறிக்கையில் அவை கண்ணிலேயே பட்டிருக்காது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வேஃபர் கீறுபட வாய்ப்பிருந்தது.

மேம்பாட்டுத் திட்டத்தை இப்படி எழுதுங்கள்: ஒரு மெஷின், ஒரு அலாரம். நான்கு வாரம் எதையும் மாற்றாமல் அலைனர் விலகல், வேக்யூம் நேரம், ஆயிரம் வேஃபருக்கு எத்தனை அலாரம் என்று பதிவு. அப்புறம் போர்ட்டின் சாய்வைச் சரிசெய்து, முளைகளைப் பார்த்து, போல்ட்டுகளைச் சொன்ன அளவு டார்க்கில் இறுக்கி, பெயிண்ட் பேனாவால் போல்ட் தலையில் கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் இளகுகிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். ஓஎச்டி இறக்கும் இடத்தையும் அதே சமயம் மாற்றிவிடாதீர்கள், எதனால் சரியானது என்று பிறகு தெரியாமல் போகும். அடுத்த நான்கு வாரம் அதே பதிவு. பலன் தெரிந்தால் அதே வகை மெஷின்கள் எல்லாவற்றிலும் சாய்வை அளந்து ஒரு பட்டியல் கொடுங்கள். அந்தப் பட்டியல்தான் மேலாளருக்கு மேலே இருப்பவர் விரும்பிப் படிப்பது.

அதே திட்டத்தில் இன்னொன்றையும் சேர்க்கலாம். சேம்பரில் ஒரு வேஃபருக்கு எத்தனை விநாடி, ரோபோ ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். எட்சிங் போன்ற மெஷின்களில் பல நேரம் ரோபோ சேம்பருக்காகக் காத்து நிற்கும். அப்படி நின்றால், எடுக்கும்போதும் வைக்கும்போதும் மட்டும் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதால் உற்பத்தியில் ஒரு வேஃபர்கூடக் குறையாது. பெல்ட்டுக்கும் பேட்டுக்கும் ஆயுள் கூடும், அதிர்வு குறையும். சார்ட்டர், இன்ஸ்பெக்‌ஷன் மெஷின்களில் இந்த யுக்தி எடுபடாது, அங்கே ரோபோவின் வேகம்தான் மெஷினின் வேகம். எதுவானாலும் பிராசஸ் எஞ்சினியரின் ஒப்புதலும் மாற்றக் கட்டுப்பாட்டுப் படிவமும் இல்லாமல் ஒரு எண்ணையும் தொடாதீர்கள். நல்லது செய்யப்போய் வேலைக்கு உலை வைத்துக்கொள்வார்கள் சிலர்.

பாதுகாப்பு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முன்பக்கப் பெட்டி முழுவதும் நைட்ரஜன் நிரப்பி ஓடும் மாடல் என்றால், கதவைத் திறந்தவுடன் தலையை உள்ளே விடாதீர்கள். ஆக்சிஜன் அளவு 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே ஆபத்து, நைட்ரஜனுக்கு வாசனையும் கிடையாது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. மீட்டர் சரி என்று காட்டிய பிறகுதான் உள்ளே.

பைத்தான் கட்டாயம் படியுங்கள், ஆனால் பெரிய பாடத்திட்டத்தில் சேராமல். லாக் கோப்பைத் திறப்பது, அலைனர் வரிகளை மட்டும் பிரித்தெடுப்பது, போர்ட் வாரியாகச் சராசரியும் சிதறலும் கணக்கிடுவது, படமாக வரைவது. இவ்வளவுதான் இப்போதைக்கு. பைத்தானின் பாண்டாஸ் நூலகம் (தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு) இதற்கு ஏற்றது. ஃபேப்பின் கோப்புகளை வீட்டுக் கணினிக்கு எடுத்துப்போகாதீர்கள், அது வேறு வழக்காகிவிடும். போலியாக ஒரு கோப்பை நீங்களே உருவாக்கி வீட்டில் பழகுங்கள், வேலையிடத்துக் கணினியில் நிஜக் கோப்பை ஓட்டுங்கள்.

கடைசியாக மலிவுப் பாகங்கள். கிரீஸில் கைவைக்கவே கூடாது. வேக்யூம் பக்கம் பெரும்பாலும் ஃப்ளோரின் கலந்த பிஎஃப்பிஇ வகை, முன்பக்கம் தயாரிப்பாளர் சொன்ன வகை. ஒன்றின்மேல் இன்னொன்றைப் பூசினால் கட்டிதட்டும் அல்லது கசியும், சிலிக்கோன் கிரீஸ் என்றால் கிளீன்ரூமையே அசுத்தப்படுத்திவிடும். பேட்டும் அப்படித்தான். பார்வைக்கு ஒரே கறுப்பு ரப்பர் மாதிரி இருக்கும், ஆனால் வெப்பம் தாங்குவது, நிலைமின்னைக் கடத்துவது, உலோக அசுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் வேறு வேறு. மாற்றுப் பேட் வாங்கியே தீரவேண்டும் என்றால் பின்பக்கத் துகள் சோதனையும் உலோக அசுத்தச் சோதனையும் முடியாமல் உற்பத்தி வேஃபர்மேல் வைக்காதீர்கள். மிச்சம் பிடிக்க இடம் வேறு இருக்கிறது. ஃபேன், சோலனாய்டு வால்வு, பிரஷர் ஸ்விட்ச், ஃபைபர் சென்சர் ஆம்ப்ளிஃபையர் போன்றவற்றை மெஷின் தயாரிப்பாளர் செய்வதில்லை, எஸ்எம்சி, கீயன்ஸ் போன்ற நிறுவனங்களிடம் வாங்கித் தன் எண்ணை ஒட்டி விற்கிறார். பழைய பாகத்தின் மேலேயே அசல் எண் அச்சிட்டிருக்கும். அதே எண்ணை, கடைசி எழுத்துவரை அதே எண்ணை, நேரடியாக அந்த நிறுவனத்தின் விநியோகஸ்தரிடம் விலை கேட்டுப் பாருங்கள்.